உதவப் போன இடத்தில் மனம் ஏன் தளர்கிறது?

நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் சேவை செய்தவர்களைப் பற்றி, ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974இல் ஒரு கட்டுரை எழுதினார். அங்கே வந்தவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பெரும் ஆர்வத்தோடு சேர்ந்தவர்கள், ஏறத்தாழ ஓராண்டு கழிவதற்குள் களைத்துப்போனார்கள், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள், யாருக்கு உதவ வந்தார்களோ அவர்கள் மீதே நம்பிக்கை இழந்தார்கள். பர்ன் அவுட் என்று இன்று அலுவலகங்களில் பேசப்படும் நிலை, மருத்துவ எழுத்தில் இடம்பிடித்தது இப்படிப்பட்ட நல்ல மனம் கொண்டவர்களைக் கவனித்ததால்தான்.

அவர்கள் தங்கள் சொந்த நகரத்தில் இருந்தவர்கள். வெளிநாட்டுக்குப் போகும் தன்னார்வலருக்கு இன்னும் பல சுமைகள் சேர்கின்றன. அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பு 1961 முதல் ஆட்களை அனுப்பி வருகிறது. வழக்கமான பணிக்காலம் 27 மாதங்கள். ஜாம்பியாவின் கிராமம் ஒன்றுக்குப் போகும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். பெம்பா மொழியில் அவளால் ஒரு குழந்தை அளவுக்குத்தான் பேச முடியும். தினமும் மக்காச்சோள மாவில் கிண்டிய ந்ஷீமா களி. போகும் வழியெல்லாம் ஊரே அவளைத் திரும்பிப் பார்க்கும். பேருந்து எப்போது வரும் என்று தெரியாது. தண்ணீர் சுமக்க வேண்டும். இவற்றில் எதுவுமே தனியாகப் பார்த்தால் பெரிய துன்பம் கிடையாது. ஆனால் மூளைக்கு இது வேறு கணக்கு.

நம் மூளை அடுத்து என்ன நடக்கும் என்று எப்போதும் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. பழகிய ஊரில் அந்த ஊகங்கள் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதனால்தான் கடைக்குப் போய் வருவது நமக்கு ஒரு வேலையாகவே தெரிவதில்லை. புது ஊரில் ஊகம் அடிக்கடி பொய்த்துப்போகிறது. ஒவ்வொன்றையும் கவனித்து, யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. மாலையானதும் உடல் உழைப்பு அதிகம் இல்லாமலேயே அலுத்துப்போவது இதனால்தான். அது சோம்பலும் இல்லை, பலவீனமும் இல்லை.

அப்புறம் ஹார்மோன். ஆபத்தையோ நெருக்கடியையோ உணர்ந்ததும் மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டும், அது கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும். ரத்தத்தில் சர்க்கரை கூடும், கவனம் கூர்மையாகும். போதுமான கார்டிசால் மூளையை எட்டியதும் ஹிப்போகாம்பஸ் முதலிய பகுதிகள் ‘சரி, நிறுத்து’ என்று சொல்லும். மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவியைப் போன்ற ஏற்பாடு இது. சிறு நெருக்கடிகள் நாள் முழுக்க, மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் இந்த ஏற்பாடு சரியாக வேலை செய்வதில்லை. காலையில் உயர்ந்து நள்ளிரவில் தாழ வேண்டிய கார்டிசாலின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாளின் சிறு நெருக்கடியும் பெரிதாகத் தெரியும். இப்படி உடலில் சேரும் தேய்மானத்துக்கு ப்ரூஸ் மெக்யூவன், எலியட் ஸ்டெல்லர் என்ற ஆய்வாளர்கள் 1993இல் ‘அலோஸ்டேட்டிக் லோட்’ என்று ஒரு பெயரே கொடுத்தார்கள்.

வெளிநாடு போய் உதவுபவர்களிடமே இதைப் பார்த்த ஆய்வும் உண்டு. 2012இல் வெளியான அந்த ஆய்வு, வெளிநாடுகளில் நிவாரணப் பணிக்குப் போன 212 பேரைப் பணிக்கு முன்பும், முடிந்தபோதும், சில மாதங்கள் கழித்தும் விசாரித்தது. போகும்போது நூற்றில் சுமார் 10 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன; திரும்பும்போது சுமார் 20 பேரிடம். மனச்சோர்வோடு தொடர்புபட்டது நீண்டு நீடித்த அன்றாட நெருக்கடிகள். வேலைப்பளு, உடன் பணிபுரிபவர்களோடு உரசல், சரியான வழிகாட்டல் இல்லாதது போன்றவை. குண்டுவெடிப்பையும் வெள்ளத்தையும் பற்றியே பயப்படும் நாம் கவனிக்காமல் விடுவது இவற்றைத்தான். நல்ல செய்தியும் அதே ஆய்வில் இருக்கிறது: பேசவும் சாயவும் ஆள் இருந்தவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது.

இங்கே நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புவது பிறர் துன்பத்தைப் பார்ப்பது பற்றி. ‘மனதைக் கல்லாக்கிக்கொள்’ என்று பலரும் அறிவுரை சொல்வார்கள். டானியா சிங்கர், ஓல்கா கிலிமெக்கி முதலியோர் மூளையைப் படமெடுத்துச் செய்த ஆய்வுகள் வேறு வழி காட்டுகின்றன. துன்பப்படும் மனிதர்களின் வீடியோக்களைப் பார்த்து, அந்த வலியைத் தானே அனுபவிப்பதுபோல உணரப் பழகியவர்களுக்கு வருத்தம் கூடியது. வலியோடு தொடர்புள்ள முன் இன்சுலா போன்ற பகுதிகள் அதிகம் இயங்கின. பிறகு அவர்களுக்கே கருணைப் பயிற்சி தரப்பட்டது. ‘இவர் நலம் பெறட்டும்’ என்ற அன்பான எண்ணத்தை வளர்ப்பது அது. நல்லுணர்வு கூடியது, இயங்கிய மூளைப் பகுதிகளும் வேறு. நெஞ்சை மூடத் தேவையில்லை, வலியில் மூழ்கவும் தேவையில்லை என்பது எனக்கு மிகவும் ஆறுதல் தரும் கண்டுபிடிப்பு.

மனம் கெடுவதற்கு மாத்திரையும் காரணமாகலாம். மலேரியாவைத் தடுக்க வாரம் ஒருமுறை விழுங்கும் மெஃப்ளோகுயின் சிலருக்குக் கொடுங்கனவு, பதற்றம், மனச்சோர்வு, பிரமை வரை கொண்டுவரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. இம்மருந்து உடலில் பாதியாகக் குறையவே வாரக்கணக்கில் ஆகும். முன்பு மனநோய் இருந்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். டாக்சிசைக்ளின் போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன. புது ஊரில் திடீரென்று மனம் கலங்கினால் ‘ஊர் ஒத்துக்கவில்லை’ என்று முடிவு கட்டும் முன் மாத்திரை அட்டையைப் பாருங்கள். ஆனால் மருந்தைத் தானாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். மலேரியா உயிரைக் குடிக்கும்.

சரி, என்னதான் செய்வது? உடலுக்கு ‘நெருக்கடி முடிந்தது’ என்று தெரியவேண்டும். ஒரே நேரத்தில் தூங்கி எழுவது, காலை வெயிலில் நடப்பது, வாரத்தில் ஒரு நாளாவது வேலையை முழுதாக விடுவது, தாய்மொழியில் தயக்கமின்றிப் பேச ஒருவரை வைத்துக்கொள்வது ஆகியவற்றின் வேலை அதுதான். உள்ளூரில் ஒரு குடும்பத்தோடு நெருங்கிப் பழகுவது இன்னும் மேல். ஊகங்கள் மெல்ல மெல்லச் சரியாக ஆரம்பிக்கும். கோரமான சம்பவத்துக்குப் பிறகு எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் ஒற்றைக் கூட்டம், பிற்பாடு வரும் மனப் பாதிப்பைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. உலக சுகாதார அமைப்பு 2011இல் தந்த வழிகாட்டி, யாரையும் பேசக் கட்டாயப்படுத்தாமல், தேவையைக் கவனித்து, கேட்டு, உதவியோடு இணைக்கச் சொல்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, உடனே மருத்துவ உதவி வேண்டும். அதற்காகப் பணியைப் பாதியில் விட்டு வந்தால் அது தோல்வி ஆகாது.

வீடு திரும்புவதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கவும் வேண்டாம். அந்த 2012 ஆய்வில், பணி முடிந்து சில மாதங்களில் பதற்றம் குறைந்தது, மனச்சோர்வு அப்படியே இருந்தது. திரும்பி வந்தவர்களுக்கு இரண்டாவது சரிவு வருவதை ஜான், ஜீன் கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதி 1963லேயே எழுதிவிட்டார்கள். இந்தக் காலத்தில்தான் அமைப்புகளின் தொலைபேசி அழைப்பும் நின்றுபோகிறது. திரும்பி வந்த மூன்றாவது மாதத்தில் கூப்பிட்டு விசாரிப்பது யார், ஆலோசகர் செலவை யார் ஏற்பது என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.