நெகிழ்வு நிதி: எது நெகிழ்கிறது?

மதுரைப் பக்கம் தன்னார்வலர்களுக்குக் கொடுக்கும் பயிற்சிக் கையேடுகளில் ‘சிறு பேரிடர்களுக்கான நெகிழ்வு நிதி’ என்ற தொடர் மறுபடி மறுபடி வருகிறது. நாலு சொல்லில் இரண்டு கோளாறு.

ஆங்கிலத்து ‘ஃபிளெக்சிபிள் ஃபண்ட்’தான் இங்கே நெகிழ்வு நிதி ஆகியிருக்கிறது. ஃபிளெக்சிபிள் என்பது வளைதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். பணத்துக்கு அடைமொழியாகும்போது, இன்ன தலைப்பில்தான் செலவழிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கட்டிப்போடாத பணம் என்று பொருள். அவ்வளவுதான்.

தமிழில் நெகிழ்தல் வேறு. முடிச்சு நெகிழும், மனம் நெகிழும், குறளில் (1236) தலைவியின் வளையோடு தோளும் நெகிழ்கிறது. தளர்வதும் இளகுவதும் கழல்வதும்தான் அதன் வேலை. போதாக்குறைக்கு பிளாஸ்டிக்கை வேறு நெகிழி ஆக்கிவிட்டோம். ‘நெகிழ்வு நிதி வந்திருக்கிறது’ என்றால், பிளாஸ்டிக் ஒழிப்புக்குக் காசு போலிருக்கிறது என்றுதான் மதுரைச் செல்லூர்க்காரர் நினைப்பார். ஃபிளெக்சிபிளுக்கு நெகிழ்வு என்று அகராதியில் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், ரப்பருக்குப் பொருந்தும். இங்கே தளர்வது விதி, பணம் அல்ல.

‘கட்டற்ற நிதி’ என்கிறார்கள் சிலர். ‘கட்டற்ற மென்பொருள்’ என்றால் சரி. நிதிக்குச் சொன்னால் கணக்கே காட்ட வேண்டாம் என்று ஆகிவிடும். ‘கட்டில்லா நிதி’ இன்னும் மோசம், கட்டில் இல்லாத நிதி என்று படிப்பார்கள்.

அப்புறம் அந்தச் ‘சிறு பேரிடர்’. பெரிய இடர்தான் பேரிடர், அதில் சிறியது ஏது? சரக்கு வண்டிக்கு வேண்டுமானால் குட்டி யானை என்று பெயர் வைக்கலாம்.

இந்த நிதி பிறந்ததே செய்தியில் அடிபடாத இடர்களுக்காகவும்தான். செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1985-லேயே இப்படி ஒன்றைத் தொடங்கியது. உலகம் முழுக்க நன்கொடை கேட்கும் அளவுக்குப் போகாத வெள்ளத்துக்கும் அதிலிருந்து பணம் போகும். நம் விதியிலும் இடமுண்டு. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் 10 சதவீதம் வரை, மத்திய அரசின் பட்டியலில் இல்லாத உள்ளூர் இடர்களுக்குச் செலவிடலாம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது அந்த வழியில்தான்.

அதே மாதம் செல்லூரில் வீடுகளுக்குள் மழைத்தண்ணீர் ஏறியது. அப்படி நனைந்த தெருவில் ஒரு வீட்டுக்கு அரிசி வேண்டும். அடுத்த வீட்டுக்கு, தண்ணீர் புகுந்த தையல் மிஷினைப் பழுதுபார்க்கக் காசு வேண்டும். எல்லோருக்கும் போர்வை என்று தலைப்புப் போட்டு வந்த பணம் அங்கே எதற்கு ஆகும்?

ஆகவே ‘தேவைக்கேற்ற இடர்நிதி’ என்கிறேன். நீளம் என்று முகம் சுளிப்பவர்கள்தான் ‘நெகிழ்வுத்தன்மை வாய்ந்த நிதியளிப்புப் பொறிமுறை’ என்று கூசாமல் எழுதுகிறார்கள். பொறிமுறையாம்! அதற்குத் தனியாக ஒரு நாள் உட்கார வேண்டும்.