ஐடிலில் இருக்கும் இன்ஜினும் ஆளை இழுக்கும்

வாட்ஸ்அப்பில் ஒரு ரீல் சுற்றிக்கொண்டிருக்கிறது. விமானங்கள் நிற்கும் தளமான ரேம்ப்பில் வேலை செய்கிற ஒரு தம்பி, மஞ்சள் ஜாக்கெட் போட்டு, காதில் மாட்ட வேண்டியதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்கு எதிரே கையைக் கட்டி நிற்கிறான். சட்டை படபடக்கிறது, பின்னணியில் மாஸ் மியூசிக். யாரோ "பாத்து ப்ரோ" என்று எழுதியிருக்க, தம்பியின் பதில்: "ஐடில்லதான் இருக்கு ப்ரோ, ஒண்ணும் ஆகாது."

நான் விமானப் பராமரிப்பு இன்ஜினியர். ஐடில் என்றால் பவர் ஏற்றாமல் இன்ஜின் மிகக் குறைந்த வேகத்தில் ஓடுவது. இந்த "ஐடில்லதான்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. புதிதாக வந்த பையன்கள் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே பத்து வருட சர்வீஸ் உள்ள அண்ணன்கள்தான். அதனால் ஒருமுறை உட்கார்ந்து முழுசாக எழுதிவிடுகிறேன். ரேம்ப்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் யாராவது வீட்டில் இருந்தால் படிக்கக் கொடுங்கள்.

ஜெட் இன்ஜின் என்றதும் பலருக்கு மனதில் வருவது பின்னால் சீறும் நெருப்பு. ஆகவே ஆபத்தும் பின்னால்தான் என்று நினைப்பு. இன்றைய பயணிகள் விமானங்களில் இருப்பது டர்போஃபேன். அதில் தள்ளுவிசையின் பெரும்பங்கு, சுமார் 80 சதவீதம், முன்னால் தெரிகிற அந்தப் பெரிய ஃபேனிலிருந்து வருகிறது. போயிங் 737-800இல் உள்ள சிஎஃப்எம்56 இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேனின் விட்டம் 1.55 மீட்டர். உள்ளே வரும் காற்றில் ஒரு பங்குதான் நடுவிலுள்ள கோருக்குள் போய் எரிகிறது. ஏறக்குறைய ஐந்து பங்கு எரியாமல் சுற்றுவழியாகப் பின்னால் தள்ளப்படுகிறது. ஏ320 நியோவின் லீப் இன்ஜினில் ஃபேன் 1.98 மீட்டர், சுற்றுவழிக் காற்று பதினோரு பங்கு. கம்ப்ரஸர், கம்பஸ்டர், டர்பைன் எல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, இங்கே வேண்டாம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: உள்ளே எரிகிற நெருப்பின் முக்கிய வேலையே முன்னாலிருக்கும் அந்த ஃபேனைச் சுற்றவைப்பதுதான். டேக்ஆஃபில் அந்த 737 இன்ஜின் ஒவ்வொன்றும் ஒரு நொடிக்கு 300 கிலோவுக்கு மேல் காற்றை விழுங்குகிறது.

சரி, ஐடிலுக்கு வருவோம். அந்த இன்ஜினில் 100 சதவீதம் என்றால் ஃபேன் நிமிடத்துக்கு 5,175 சுற்று. தரையில் ஐடிலில் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதாவது ஆயிரம் சுற்று. அப்போது பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர். "சும்மா சுத்துது" என்று சொல்லப்படுவது இதைத்தான்.

என் பொறுமையை மிகவும் சோதிக்கிற வாதம் அடுத்தது. "நான் போய் நின்னு பாத்திருக்கேன் சார், லேசா காத்துதான் இழுத்துச்சு." உண்மைதான், லேசாகத்தான் இழுத்திருக்கும். பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது.

விளக்கை ஒரு முழம் தள்ளி நின்று ஊதி அணைத்துவிடலாம். அதே தூரத்தில் நின்று மூச்சை உள்ளே இழுத்து அணைத்துப் பாருங்கள், சுடர் அசையாது. ஊதும் காற்று ஒரே திசையில் பாயும். உறிஞ்சும் வாயோ நாலா பக்கத்திலிருந்தும் இழுத்துக்கொள்ளும். நின்றுகொண்டிருக்கும் விமானத்தின் இன்ஜினும் இப்படித்தான். நேர் முன்னாலிருந்து மட்டுமல்ல, பக்கவாட்டிலிருந்தும், தரையிலிருந்தும், வாய் விளிம்புக்குப் பின்னாலிருந்து வளைந்தும் காற்று உள்ளே போகிறது. மழை நாளில் ஏப்ரன், அதாவது ரேம்ப் தரை, ஈரமாக இருக்கும்போது கவனித்தால் கண்ணாலேயே பார்க்கலாம். தரையில் தேங்கிய நீரிலிருந்து கயிறு போல ஒரு சுழல் எழும்பி இன்ஜின் வாய்க்குள் போகும். சின்னக் கல்லையும் நட்டையும் தூக்கி உள்ளே கொண்டுபோவது அந்தச் சுழல்தான். ஏப்ரனைக் கூட்டிப் பொறுக்கச் சொல்லி நாங்கள் கத்துவது இதற்காகத்தான்.

இப்படி நாலா பக்கமும் பரந்து இழுப்பதால், தள்ளி நிற்கும்போது காற்று மிக மெதுவாக இருக்கும். தூரம் பாதியாகக் குறைந்தால் காற்றின் வேகம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். உடம்பின் மேல் விழும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், ஆக பதினாறு மடங்கு. நான்கு மீட்டரில் சட்டை படபடக்கிறது. இரண்டு மீட்டரில் அதே இழுப்பு பதினாறு மடங்கு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது இரண்டு மூன்று எட்டுதான். "இழுப்பு கூடுனா பின்னால வந்துடுவேன்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். கூடுவது தெரியவரும்போது கால் தரையில் இருக்காது.

737-800க்கு ஐடிலில் வாயைச் சுற்றி மூன்று மீட்டருக்கு மேல், பவர் ஏற்றினால் நான்கு மீட்டருக்கு மேல் யாரும் போகக்கூடாத பகுதி. இன்ஜின் உறையிலேயே சிவப்பில் படம் போட்டு ஒட்டியிருக்கிறது. பெரிய விமானங்களில் இன்னும் அதிகம். அந்தப் பகுதி வாய்க்கு முன்னால் மட்டுமல்ல, விளிம்பைத் தாண்டிப் பின்பக்கமாகவும் வளைந்து போகும். இறக்கையின் முன் ஓரத்தை ஒட்டி நடந்து வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் அலபாமாவில் மான்ட்கோமரி விமான நிலையத்தில் நடந்ததைப் படித்துவிட்டு யாரும் "ஐடில்லதான்" என்று சொல்லக்கூடாது. டல்லாஸிலிருந்து வந்த எம்ப்ரேயர் 175. அதன் ஏ.பி.யூ வேலை செய்யவில்லை. வாலில் இருக்கும் அந்தச் சின்ன இன்ஜின்தான் தரையில் கரண்ட் கொடுக்கும். அது இல்லையென்றால் வெளியிலிருந்து ஜி.பி.யூ என்ற கரண்ட் வண்டியின் வயரை மாட்டும்வரை பெரிய இன்ஜினை ஓடவிட்டே ஆகவேண்டும். ஊழியர்களுக்கு இது தெரியாமல் இல்லை. விமானம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஒரு பிரீஃபிங். வருவதற்குச் சற்று முன்பு இன்னொரு முறை கூடிப் பேசினார்கள்: இன்ஜின் ஓடும், பீக்கன் என்ற சிவப்பு விளக்கு அணையும்வரை கிட்டே போகாதீர்கள், விமானத்தைச் சுற்றி வைக்கும் எச்சரிக்கைக் கோன்களை வைக்காதீர்கள் என்று.

விமானம் நின்றது. வலது இன்ஜினை நிறுத்தினார்கள், இடது ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்க சரக்குக் கதவு திறந்திருப்பதாக எச்சரிக்கை வந்ததும், துணை விமானி காக்பிட் ஜன்னலைத் திறந்து "இன்ஜின் இன்னும் ஓடுகிறது" என்று கீழே இருந்தவரிடம் சொன்னார். இதற்கிடையில் ஒரு பெண் ஊழியர் பின்பக்கக் கோனை வைக்கப் போனார். புகைப்போக்குக் காற்றில் தடுமாறி விழப்பார்த்தார். அதைப் பார்த்த சக ஊழியர் ஒருவர் எச்சரிக்க முயன்றார். ஆனால் அந்தப் பெண் இன்னொரு கோனோடு இறக்கையின் முன் ஓரத்தை ஒட்டி நடந்து, ஓடுகிற இடது இன்ஜினுக்கு நேர் முன்னால் வந்து, உள்ளே இழுக்கப்பட்டு இறந்தார். பீக்கன் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அந்த ஊழியர்களுக்கான கையேடு எல்லா விமானங்களுக்கும் 15 அடி தள்ளி நிற்கச் சொல்கிறது. இன்ஜினை நிறுத்திய பிறகும் சுழற்சி அடங்க 30 முதல் 60 நொடி பிடிக்கும் என்றும் சொல்கிறது. எல்லாம் எழுதித்தான் இருந்தது. பின்னால் அவரை வேலைக்கு வைத்திருந்த நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 15,625 டாலர்.

டேக்ஆஃப் பவர் இல்லை. கேட்டில் வந்து நின்ற விமானத்தின் ஐடில்.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் 16 இரவு மும்பையில், ஹைதராபாத் கிளம்பிய ஏர்பஸ் ஏ319. விமானத்தை வண்டியால் பின்னுக்குத் தள்ளும் புஷ்பேக் முடிந்து அது நகரத் தொடங்கியபோது அருகில் நின்றிருந்த டெக்னீஷியன் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். 2006 ஜனவரியில் அமெரிக்காவின் எல் பாசோவில், 737 ஒன்றில் ஆயில் கசிவைப் பார்க்க இன்ஜினை ஓட்டி, பவரை ஏற்றச் சொன்னார்கள். பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் எழுந்து ஒரு எட்டு வைத்தார், அவ்வளவுதான். இன்ஜினைக் கரைத்துக் குடித்தவர்களுக்கே இந்தக் கதி.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு வீடியோவைக் காட்டுவார்கள். 1991 பிப்ரவரியில் தியோடர் ரூஸ்வெல்ட் விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு கடற்படை வீரர் ஏ-6 விமானத்தின் இன்ஜினுக்குள் போய் உயிரோடு வந்தார். "பாத்தீங்களா சார்?" பார்த்தேன். அது டர்போஃபேன் இல்லை, முன்னால் பெரிய ஃபேன் இல்லாத பழைய டர்போஜெட். குறுகலான குழாய், இன்ஜின் முகம் உள்ளே தள்ளி, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கூம்பு. அவர் அதில் சிக்கி நின்றார். முதலில் உள்ளே போன ஹெல்மெட்டால் தீப்பொறி பறக்க, பைலட் உடனே பவரைக் குறைத்தார். நம் இன்ஜினில் ஃபேன் வாசலிலேயே இருக்கிறது. அங்கே சிக்கிக்கொள்ள எதுவும் கிடையாது.

"சத்தத்தை வச்சே தெரிஞ்சுடும்" என்பது அடுத்த மூடநம்பிக்கை. காதில் மஃப் மாட்டியிருக்கிறீர்கள் (மாட்டியிருக்க வேண்டும்). பக்கத்தில் நிறுத்தியிருக்கும் இன்னொரு விமானத்தின் ஏ.பி.யூ அலறுகிறது. நியோ இன்ஜின்கள் பழையவற்றைவிட எவ்வளவோ அமைதி. எது ஓடுகிறது என்று காது சொல்லாது. கண்ணும் முழுசாகச் சொல்லாது. வேகமாகச் சுழலும் ஃபேன் சாம்பல் நிறத் தட்டு மாதிரி மங்கலாகத் தெரியும், அதன் வழியே உள்ளேகூடப் பார்க்கலாம். நடுக்கூம்பில் வெள்ளையில் சுருள் வரைந்திருப்பது சுழற்சி கண்ணில் படத்தான், அழகுக்கு இல்லை. இன்னொரு பக்கம், அணைத்துவிட்ட இன்ஜினின் ஃபேனைக் கடற்காற்றே சுற்றிவிடும். பிளேடுகள் கடகடவென்று பேசும். அதைத் தினமும் பார்த்துப் பழகியவனுக்குச் சுழலும் ஃபேன் மேல் பயமே போய்விடுகிறது.

நம்ப வேண்டியது பீக்கனை. விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் மின்னும் சிவப்பு விளக்கு. அது எரிந்தால் கிட்டே போகாதே. அணைந்தாலும் உடனே ஓடாதே. ஃபேன் அடங்கி, பொறுப்பாளர் கட்டைவிரலைக் காட்டும்வரை கோட்டுக்கு வெளியே நில். சக்கரத்துக்குத் தடுப்புக் கட்டை (சாக்) வைக்கப் போகிறவரும் ஜி.பி.யூ மாட்டப் போகிறவரும் மட்டும், சொல்லிக்கொடுத்த பாதையில், மூக்குப் பக்கமாக நேராகப் போய் நேராகத் திரும்ப வேண்டும். குறுக்கு வழி கிடையாது. புஷ்பேக் முடிந்து ஹெட்செட்டைக் கழற்றியவர் முன்சக்கரத்திலிருந்து எடுத்த பூட்டு ஊசியை (பின்) பைலட்டுக்குக் காட்டிவிட்டு விமானத்தை விட்டு விலகித்தான் நடக்க வேண்டும். இறக்கைக்கு அடியில் வரக்கூடாது. தொப்பி, ஐடி கார்டு கயிறு, கையில் காகிதம், சட்டைப் பையில் போன், எல்லாம் பறக்கும். பறந்தால் போகட்டும். பிடிக்க ஓடாதீர்கள். இன்ஜின் போனால் கோடிக்கணக்கில் செலவு, அது கம்பெனியின் கவலை.

பயணிகளுக்கு இரண்டு வார்த்தை. தூத்துக்குடி, சேலம் மாதிரி ஊர்களில் ஏ.டி.ஆர் என்ற சின்ன புரொப்பெல்லர் விமானத்திலிருந்து இறங்கி நடந்தே டெர்மினலுக்குப் போகிறீர்கள். கோடு போட்டிருக்கிறார்கள், ஆள் நிற்கிறார். செல்ஃபிக்காக அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள், குழந்தையின் கையை விடாதீர்கள். ஏ.டி.ஆரில் புரொப்பெல்லரைப் பூட்டிவிட்டு வலது இன்ஜினை ஓடவிடும் வசதி உண்டு. அசையாமல் நிற்கும் புரொப்பெல்லருக்குப் பின்னால் சுடுகாற்று வந்துகொண்டிருக்கலாம். அவசரமாக வெளியேற வேண்டி வந்தாலும் இதேதான். 2016 அக்டோபர் 28 அன்று சிகாகோவில் 767 ஒன்றின் வலது இன்ஜின் வெடித்துத் தீப்பற்ற, பயணிகள் இடப்பக்க இறக்கை வழியாக இறங்கினார்கள். இடது இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் காற்று ஒருவரைத் தூக்கி அடித்து, அவருக்குப் பலத்த காயம். கதவை எப்போது திறப்பது, எந்தப் பக்கம் இறங்குவது என்பதை கேபின் ஊழியர் சொல்லட்டும்.

கடைசியாக சூப்பர்வைசர் அண்ணன்களுக்கு, கெஞ்சிக் கேட்கிறேன். வந்த விமானத்தைத் திருப்பி அனுப்ப இருபத்தைந்து நிமிடம்தான், தாமதமானால் மேலேயிருந்து திட்டு, எல்லாம் தெரியும். ஏ.பி.யூ வேலை செய்யாத விமானம் வருகிறதென்றால் அன்றைக்கு மட்டுமாவது புதுப் பையனைக் கோன் வைக்க அனுப்பாதீர்கள். வளைகுடாவில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தில் நடக்கிற பிரீஃபிங்குக்கு எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "இப்ப வர்ற ஏரோபிளேன்ல எந்த இன்ஜின் ஓடும்? நீ எதைப் பாத்துட்டு உள்ள போவே?" என்று அவனையே சொல்லவையுங்கள். சரியாகச் சொல்லாதவனை அந்த ஃப்ளைட்டுக்குக் கோட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவையுங்கள்.