அப்ரூவர்: கூட்டாளிக்கு எப்படி வந்தது இந்தக் கௌரவமான பெயர்?

டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நண்பர் தலையை நிமிர்த்திக் கேட்டார்: "அப்ரூவர் ஆயிட்டா அன்னைக்கே வெளிய விட்ருவாங்கல்ல?" அவர் வீட்டுமனைத் தரகர். 'அப்ரூவ்டு மனை', 'பிளான் அப்ரூவல்' என்று நாளைக்கு நூறு தடவை சொல்கிறவர். அப்ரூவல் கொடுக்கிறவர்தானே அப்ரூவர்? கையெழுத்துப் போட்டோமா, போனோமா என்று இருப்பார் என்பது அவர் கணக்கு.

வெளியே விட மாட்டார்கள். தானும் சேர்ந்து செய்த குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்பவர்தான் வழக்கின் அப்ரூவர். ஏற்கெனவே ஜாமீனில் இருந்தாலொழிய, விசாரணை முடியும் வரை அப்ரூவர் சிறையில்தான் இருக்க வேண்டும். ஆனால் நண்பரின் சொல்லாராய்ச்சி பாதி சரி. மனைக்குக் கிடைக்கும் அப்ரூவலும் கொலை வழக்கின் அப்ரூவரும் ஒரே வேரில் கிளைத்தவைதாம்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'ப்ரொபாரே' என்றால் சோதித்து, நல்லது என்று மெய்ப்பித்தல். அதிலிருந்து 'அப்ரொபாரே'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது 'அப்ரூவ்' என்பதற்கு 'நிரூபி' என்ற பொருளும் இருந்தது. 'சம்மதம் கொடு' என்ற பொருள் தலையெடுத்ததும் பழைய பொருள் மங்கிப்போனது. நீதிமன்றத்துக்குள் மட்டும் அது மூலையில் உட்கார்ந்துகொண்டது. ஆக, அப்ரூவர் என்பவர் ஒப்புதல் தருபவர் அல்ல. மற்றவர்களின் குற்றத்தை மெய்ப்பிப்பவர்.

இடைக்கால இங்கிலாந்தில் அதை வாயால் மெய்ப்பித்தால் போதாது. பிடிபட்ட திருடனோ கொலைகாரனோ தன் குற்றத்தை முழுவதும் ஒப்புக்கொண்டு கூட்டாளிகளின் பெயரைச் சொல்வான். பெயர் அடிபட்டவன் மறுத்தால், இருவரும் ஆயுதம் ஏந்தி மோத வேண்டி வரும். அப்ரூவர் தோற்றால் தூக்கு. ஜெயித்தால் உயிர் தப்பும், ஆனால் நாட்டை விட்டு ஓட வேண்டும். கூட்டாளி விடுதலையானாலும் அப்ரூவருக்குத் தூக்குதான். மாட்டிவிடுகிறவன் கழுத்திலும் கயிறு தொங்கிய காலம் அது. வழக்கம் மெல்ல மங்கி, 1819-இல் சண்டைபோட்டுத் தீர்க்கும் முறையே சட்டப்படி ஒழிந்தது. இங்கிலாந்தில் அப்ரூவர் என்ற சொல்லும் பழைய ஏடுகளுக்குள் போய்ச் சேர்ந்தது. அதன் இடத்தில் 'அரசரின் சாட்சியம்' என்ற தொடர் வந்தது.

பிறந்த ஊரில் செத்துப்போன சொல்லுக்கு இந்தியாவில் மறுவாழ்வு கிடைத்தது. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற தக்கர்களை வேட்டையாடப் புறப்பட்ட ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஸ்லீமனுக்குச் சாட்சிகளே கிடைக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் மண்ணுக்குள் இருந்தார்கள். கூட்டத்திலிருந்தே ஆள் பிடித்து, உயிருக்கு உத்தரவாதம் கொடுத்துப் பேச வைத்தார். அவர்களில் ஃபெரிங்கியா என்பவன் பேர்போனவன். ஸ்லீமன் மாந்தோப்பில் கூடாரம் அடித்திருந்தபோது, அந்தத் தோப்பிலேயே பிணங்கள் புதைந்திருக்கின்றன என்று அவன் இடத்தைக் காட்ட, தோண்டியபோது எலும்புகள் வந்தன. அப்படிக் காட்டிக்கொடுத்தவர்களுக்குக் கம்பெனி அதிகாரிகள் வைத்த பெயர் அப்ரூவர். அன்று தொற்றிக்கொண்ட சொல் இன்றுவரை நம் தினசரிகளை விடவில்லை.

இத்தனைக்கும் சட்டப் பிரிவின் தலைப்பில் அந்தச் சொல் இல்லை. 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 306, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 343: இரண்டும் 'கூட்டாளிக்கு மன்னிப்பு' என்றுதான் பேசுகின்றன. மன்னிப்பு கொடுப்பது நீதிமன்றம், போலீஸ் அல்ல. நிபந்தனை ஒன்றுதான்: தெரிந்தது முழுவதையும், தன் பங்கையும் சேர்த்து, ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தாலோ பொய் சொன்னாலோ மன்னிப்பு போய்விடும்; பழைய குற்றத்துக்கே கூண்டில் ஏற வேண்டும். அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதில் 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டமே இரண்டு பேச்சு பேசியது. கூட்டாளியின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் அது சட்டவிரோதம் ஆகாது என்றது 133-ஆம் பிரிவு. வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் கூட்டாளியின் பேச்சு நம்பத்தகாதது என்று நீதிமன்றம் கருதலாம் என்றது 114. நடைமுறையில் ஜெயித்தது 114-தான். சாட்சி நம்பகமானவரா என்று முதலில் பார், பிறகு துணைச் சான்று இருக்கிறதா என்று பார் என 1957-இல் உச்ச நீதிமன்றம் இரட்டைச் சோதனை வைத்தது.

தமிழர்கள் மறக்காத அப்ரூவர் வழக்கு எது என்று கேட்டால், லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. ஆனால் அதில் ஒரு அப்ரூவர் இருந்தார் என்பதுதான் பலருக்கு நினைவில்லை.

1944 நவம்பர் 8. சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். நட்சத்திரங்களின் படுக்கையறைச் சமாசாரங்களை அச்சிட்டு 'சினிமா தூது', 'இந்து நேசன்' என்று பத்திரிகை நடத்தியவர். அவருக்குப் பயந்தவர்கள் பலர், அவர் பத்திரிகையை வாங்கியவர்கள் அதைவிடப் பலர். குத்துப்பட்ட பிறகும் நண்பரான வக்கீல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பொது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மறுநாள் இறந்தார். கைதானவர்களில் மூன்று பேர் பெயரைக் கேட்டு மாகாணமே ஆடிப்போனது: எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு. பாகவதரின் 'ஹரிதாஸ்' அந்த ஆண்டு தீபாவளிக்குத்தான் வந்திருந்தது. கதாநாயகன் சிறையில் இருக்க, படம் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது.

1945 மே மாதம் ஜூரி பெரும்பான்மையில் குற்றவாளி என்றது. நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள். மேல்முறையீடு தள்ளுபடியாகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி விசாரியுங்கள் என்று சென்னைக்கே திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் போனது போனதுதான். பாகவதரின் சினிமா வாழ்க்கை பிறகு பழையபடி எழவே இல்லை.

குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் நடுவில் அப்ரூவராகி, சதியை உள்ளிருந்து பார்த்தவராகச் சாட்சி சொன்னார். கடைசித் தீர்ப்பு வந்து எண்பது ஆண்டு நெருங்குகிறது. இன்றும் திண்ணையில் யாராவது அந்தக் கொலையைப் பற்றி 'நடந்தது இதுதான்' என்று ஆரம்பித்தால், பணம் கைமாறிய இடம் என்ன, யார் யாரைச் சந்தித்தார் என்று கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி சொல்வார்கள். அப்படிப்பட்ட கதையை எந்த விடுதலைத் தீர்ப்பும் சொல்வதில்லை. 'நிரூபிக்கப்படவில்லை' என்பதில் ஆளும் இல்லை, இடமும் இல்லை, வசனமும் இல்லை. தலையும் வாலும் உள்ள கதையை வழக்கில் சொல்கிற ஒரே ஆள் அப்ரூவர். சட்டம் அவரை ஒதுக்கிவிட்ட பிறகும் ஊர் ஒதுக்காததற்குக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம். பிரபலங்களின் கொலை வழக்கு மேல் நமக்குள்ள மோகத்தில் பாதி, யாரோ ஒருவர் உள்ளே இருந்து பார்த்தார் என்ற நினைப்பு.

கடலுக்கு அந்தப் பக்கம் இதன் ஜோடி வழக்கு ஒன்று உண்டு. மகாதேவன் சதாசிவம், இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய தமிழர். 1947-இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் அடித்த 215 ஓட்டங்களைப் பார்த்தவர்கள் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1951 அக்டோபர் 9 அன்று கொழும்பு பம்பலப்பிட்டி வீட்டில் அவர் மனைவி கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். சதாசிவம் கைதானார். வீட்டில் வேலை செய்த இளைஞனும் பிடிபட்டான். கொன்றது எஜமான், நான் உதவினேன் என்று அவன் சொல்ல, நிபந்தனை மன்னிப்பு கொடுத்து அவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

வழக்கு ஒரு கடிகாரத்தின் மேல் நின்றது. அன்று முற்பகல் சதாசிவம் வீட்டை விட்டுக் கிளம்பிப் போனார். மரணம் அதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் வேலைக்காரன் சொல்வது பொருந்தும். பின்பு என்றால் அவனே கொலையாளி. சதாசிவத்தின் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா. எடின்பரோவின் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் சர் சிட்னி ஸ்மித் கடல் கடந்து வந்து, மரண நேரம் பற்றி அவர் தரப்பில் சாட்சி சொன்னார். 1953 ஜூனில் ஜூரி குற்றவாளி அல்ல என்றது. மன்னிக்கப்பட்டவனும் போய்விட்டான், குற்றஞ்சாட்டப்பட்டவரும் போய்விட்டார். ஒரு பெண்ணின் கொலைக்கு யாருமே தண்டனை பெறவில்லை. கொழும்பில் அந்த வழக்கைப் பற்றி இன்னும் எழுதுகிறார்கள் என்றால் அந்த ஓட்டையை அடைக்கத்தான்.

இலங்கைத் தமிழில் இத்தகையவரை 'அரச சாட்சி' என்பார்கள். 'அரச சாட்சியாக மாறினார்' என்பது அங்கே சாதாரண வழக்கு. நம் ஊரிலும் 'அரசு சாட்சி', 'அரசுத் தரப்பு சாட்சி' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பிணத்தைப் பரிசோதித்த டாக்டரும் அரசுத் தரப்பு சாட்சிதான். கத்தியைக் கைப்பற்றியபோது கையெழுத்துப் போட்ட பக்கத்துக் கடைக்காரரும் அரசுத் தரப்பு சாட்சிதான். அவர்களோடு கூட்டாளியை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால், அவர் கையில் இருக்கும் கறை வாசகருக்குத் தெரியாமல் போகிறது. 'அப்ரூவர்' கறையை அந்நிய மொழியில் ஒளிக்கிறது. 'அரசு சாட்சி' அதை வெள்ளையடித்தே விடுகிறது.

இன்னொரு குழப்பம் 'பிறழ்சாட்சி'. அரசுத் தரப்பில் அழைக்கப்பட்டு, கூண்டில் ஏறியதும் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்பவர் பிறழ்சாட்சி. பேச்சு வழக்கில் 'சாட்சி பல்டி'. அப்ரூவர் குதிப்பதோ எதிர்த்திசையில், குற்றவாளிக் கூண்டிலிருந்து சாட்சிக் கூண்டுக்கு. அந்த அப்ரூவரே பிறகு பிறழ்சாட்சி ஆவதும் உண்டு. அப்போது தலைப்பு எழுதுகிற உதவி ஆசிரியரின் பாடு திண்டாட்டம். ஆனால் 'பிறழ்சாட்சி' எவ்வளவு அழகாக நிலைத்துவிட்டது பாருங்கள். யாரும் இன்று அதைப் படித்துவிட்டு அகராதியைத் தேடுவதில்லை.

பழந்தமிழில் தேடினால் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு சொற்கள் கிடக்கின்றன. சாட்சிக்குக் 'கரி' என்று பெயர். 'இந்திரனே சாலுங் கரி' என்பது குறள். கட்சி மாறித் துரோகம் செய்வது 'அறைபோதல்'. சிலப்பதிகாரத்தில் பூதச் சதுக்கத்துப் பூதம் தன் பாசக்கயிற்றில் கட்டிப் புடைத்துத் தின்பவர்களின் பட்டியலில் 'அறைபோகு அமைச்சர்', 'பொய்க்கரியாளர்' இருவருமே வருகிறார்கள். ஆசை காட்டும் சொற்கள்தாம். ஆனால் 'அறைபோன கரி' என்று இன்று செய்தி எழுதினால், ஏதோ ஓட்டல் அடுப்பு விவகாரம் என்று வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். தவிர 'அறைபோதல்', 'காட்டிக்கொடுத்தல்', 'கூட இருந்தே குழி பறித்தல்' எல்லாமே கூட்டாளிகளின் திண்ணையில் உட்கார்ந்து பேசும் பேச்சு. நீதிமன்றத்துக்கு அவர் துரோகி அல்ல.

பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தேன். மலையாளப் பத்திரிகைகளில் 'மாப்புசாட்சி'. மராத்தியில் 'மாஃபீசா சாட்சிதார்'. இரண்டுமே மன்னிப்பைப் பெயரிலேயே வைத்திருக்கின்றன. மன்னிப்பு என்று வந்துவிட்டால் குற்றமும் தானாக வந்துவிடுகிறதே. அப்படியே எடுத்துக்கொண்டால் தமிழில் 'மாப்பு' என்பது மாப்பிள்ளையைக் குறித்துவிடும், அது வேண்டாம். 'மன்னிப்புச் சாட்சி' போதும். சட்டப் பிரிவின் தலைப்போடும் பொருந்துகிறது, டீக்கடையிலும் புரியும்.

'உடந்தைச் சாட்சி' என்ற சொல்லும் நல்ல சொல்தான். ஆனால் குற்றத்துக்கு உடந்தையாக இருந்து சாட்சி சொல்பவர் எல்லாரும் நீதிமன்றத்தில் மன்னிப்பு பெற்றவர்கள் அல்லர். அகலமான பொருளுக்கு உடந்தைச் சாட்சி, மன்னிப்பு வாங்கியவருக்கு மன்னிப்புச் சாட்சி என்று பிரித்து ஆளலாம். 'மூன்றாவது எதிரி மன்னிப்புச் சாட்சி ஆனார்' என்று ஒரு தலைப்பு வந்தால் (எதிரி என்றால் நீதிமன்ற மொழியில் குற்றஞ்சாட்டப்பட்டவர்), அவர் யார், என்ன செய்தார், என்ன பெற்றார் மூன்றும் அதிலேயே இருக்கிறது.

நண்பரிடம் இதைச் சொன்னேன். டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "அப்ப அந்த மன்னிப்புச் சாட்சி வெளிய வந்தப்புறம் ஊருக்குள்ள எப்படி நடமாடுவான்?" என்றார். அதற்குச் சட்டத்தில் பிரிவு எதுவும் நினைவுக்கு வரவில்லை.