கேட்டலில் மதிப்பெண் குறைந்தால் காதைக் குற்றம் சொல்லாதீர்கள்

ஆங்கிலத் தேர்வின் கேட்டல் பகுதியில் மதிப்பெண் குறைந்தால் உடனே "இன்னும் பத்து மாதிரித் தாள் போடு" என்று சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இந்தப் பருவத்தில் இதே கதையோடு என்னிடம் வந்த பிள்ளைகள் ஏராளம். கடைசியாக வந்தவள் உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வாசிப்பில் 50க்கு 45, கேட்டலில் 30க்கு 16.5. "லாவ்ஷி, இவளுக்குக் காது பழகவே மாட்டேன் என்கிறது, தூங்கும்போதுகூட ஆங்கில ஒலிப்பதிவைப் போட்டுவிடுகிறோம்" என்றார் அம்மா. (ஆசிரியரைச் சீனாவில் லாவ்ஷி என்றுதான் கூப்பிடுவார்கள்.) மாதக்கணக்கில் தினம் ஒரு தாள் எழுதியிருக்கிறாள், எண் அசையவில்லை. இத்தனைக்கும் அவளுக்கு எங்கே தடுக்கிறது என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எழுத வைத்தார்கள், திருத்தினார்கள், திட்டினார்கள், மறுநாள் அடுத்த தாள்.

சீனாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் பன்னாட்டுப் பிரிவில் மாணவர்களின் ஆங்கிலத்தைச் சோதித்து, யாரை எந்த வகுப்பில் வைப்பது என்று சொல்வது என் வேலை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் நம் ஆட்கள் சிலரும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்கிறார்கள், அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பிள்ளைகள் எந்தத் தேர்வை மனதில் வைத்து வளர்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். காவோகாவோ, அதாவது பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு, ஜூன் 7 அன்று தொடங்கும். 2024இல் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண், அதில் ஆங்கிலத்துக்கு 150. சீன மொழிக்கும் கணிதத்துக்கும் என்ன எடையோ அதே எடை. ஜூன் 8 பிற்பகல் மூன்று மணிக்கு ஆங்கிலத் தாள். கேட்டல் பகுதி ஓடும் அந்த இருபது நிமிடம் தேர்வு மையங்களைச் சுற்றி ஹாரன் அடிக்கக் கூடாது, கட்டட வேலை நிற்கும், சில நகரங்களில் விமானங்களின் நேரத்தைக்கூட மாற்றியிருக்கிறார்கள். கேட்டலைத் தனி நாளில் வைக்கும் மாகாணங்களும் உண்டு. பெய்ஜிங்கில் 2021இலிருந்து கேட்டலும் பேச்சும் சேர்த்து 50 மதிப்பெண்ணுக்குக் கணினியில் நடக்கிறது.

பல மாகாணங்கள் பயன்படுத்தும் புதிய தேசியத் தாளில் கேட்டலுக்கு 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1.5 மதிப்பெண், மூன்று விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். வாசிப்பில் நான்கு பத்திகளுக்கு 15 கேள்விகள், நான்கு விடைகளில் ஒன்று. அப்புறம் ஏழு வாக்கியங்களிலிருந்து ஐந்தைப் பொறுக்கிக் காலி இடங்களில் பொருத்தும் பகுதி. இங்கே ஒவ்வொன்றுக்கும் 2.5.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மூன்று விடைகளில் ஒன்று என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே கேட்டலில் சராசரியாக 10 மதிப்பெண் வந்துவிடும். அந்தப் பெண் வாங்கிய 16.5 என்பது 11 சரியான விடை. பாதிக்கு மேல் புரிந்திருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். குருட்டு வாய்ப்பைக் கழித்துப் பார்த்தால் உண்மையில் தெரிந்து போட்டது ஆறோ ஏழோதான். இந்தக் கழித்தலை ஒரு பள்ளியும் பெற்றோருக்குச் சொல்வதில்லை.

சரி, என்னை அதிகம் எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். கேட்டலில் மதிப்பெண் குறைந்தால் காது பழகவில்லை, நிறையக் கேட்டால் தானாக வந்துவிடும் என்கிற நம்பிக்கை. வராது. புரியாத ஒலியை ஆயிரம் முறை கேட்டாலும் அது புரியாத ஒலிதான். தூக்கத்தில் கேட்டால் தூக்கமும் போய்விடும். கேட்டல் தாளில் குறைந்த மதிப்பெண் வரக் குறைந்தது மூன்று வேறு வேறு காரணங்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் மருந்து வேறு. காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியைச் செலவிட ஆளில்லை, ஆனால் ஆறு மாதம் தாள் எழுத வைக்க ஆள் இருக்கிறது.

நான் செய்வது இதுதான். பிள்ளை தவறாகப் போட்ட ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை எடுத்துக் கையில் கொடுப்பேன். அதே கேள்விகள், ஆனால் இப்போது கேட்க வேண்டாம், படித்து விடை சொல்லட்டும். அந்தப் பெண் படபடவென்று எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டாள், சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். சொற்கள் அவளுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. பட்டியலை வைத்து எழுத்துக்கூட்டலையும் சீனப் பொருளையும் மனப்பாடம் செய்த பிள்ளை, அந்தச் சொல் ஒரு வாக்கியத்துக்குள் தேய்ந்து, பக்கத்துச் சொல்லோடு ஒட்டி வரும்போது எப்படி ஒலிக்கும் என்று கேட்டதே இல்லை. மாண்டரின் அசைகள் உயிரொலியிலோ மூக்கொலியிலோதான் முடியும் என்பதால் ஆங்கிலச் சொற்களின் கடைசி மெய்யெழுத்து இவர்கள் காதில் நழுவும். 'வாக்', 'வாக்ட்' இரண்டும் ஒன்றாகக் கேட்கும். 'முடியும்', 'முடியாது' என்கிற 'கேன்', 'கான்ட்' ஜோடியில் தடுமாறினால் விடையே தலைகீழாகிவிடும். இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தேவை முழுத் தாள் அல்ல. பத்து நொடி ஒலித்துண்டு, கேட்டதை அப்படியே எழுதுவது, பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு எந்தச் சொல் எங்கே மறைந்தது என்று பார்ப்பது. மெதுவான வேலை, அலுப்பான வேலையும்கூட, ஆனால் பலன் தரும்.

இன்னொரு வகைப் பிள்ளை எழுத்து வடிவத்தைக் கையில் கொடுத்தாலும் முழிக்கும். அங்கே காதுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. சொல் தெரியவில்லை, வாக்கியம் பிடிபடவில்லை. அவனுக்கு ஹெட்போன் மாட்டுவது வீண், உட்கார்ந்து படிக்க வேண்டும்.

மூன்றாவது வகையை யாருமே கவனிப்பதில்லை. முதல் ஐந்து சிறு உரையாடல்கள் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும் (மற்றவை இரண்டு முறை). ஒவ்வொன்றும் முடிந்ததும் 10 நொடி. அதற்குள் விடையைக் குறித்துவிட்டு, அடுத்த கேள்வியையும் அதன் மூன்று விடைகளையும் படித்துவிட வேண்டும். மெதுவாகப் படிக்கும் பிள்ளை இன்னும் கேள்வியிலேயே இருக்கும்போது உரையாடல் தொடங்கி முடிந்துவிடும். கேட்டல் என்று பெயர், ஆனால் இவனுக்கு அங்கே நடப்பது வேக வாசிப்புத் தேர்வு. சீனாவில் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கேட்டல் தாளின் மாதிரிக் கேள்வி ஒப்பிக்கும்: சட்டை என்ன விலை, விடை சி, ஒன்பது பவுண்டு பதினைந்து பென்ஸ். அது திரும்பத் திரும்ப அதே கேள்வியாக வருவதால், அது ஓடும் நேரத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் அடுத்த பக்கத்துக் கேள்விகளைப் படித்துவிடுவார்கள். மூன்றாவது வகையா என்று கண்டுபிடிக்க, கேள்விகளை ஐந்து நிமிடம் முன்னால் கொடுத்துப் படிக்கவிட்டு, அப்புறம் ஒலிப்பதிவைப் போடுங்கள். மதிப்பெண் சட்டென்று ஏறினால் இதுதான் விஷயம்.

இனி வாசிப்பு. 45 வாங்குகிறாள், அங்கே பிரச்சினை இல்லை என்று அந்த அம்மா அடித்துச் சொன்னார். பத்தியைக் கொடுக்காமல் கேள்விகளை மட்டும் கொடுத்து விடை குறிக்கச் சொன்னேன். நான்கில் ஒன்று என்கிற கணக்குக்குக் கால் பங்கு சரியாக வர வேண்டும். அவளுக்குப் பாதி சரியாக வந்தது. பத்தியைப் பார்க்காமலேயே! மூன்று விடை நீளம், ஒன்று குட்டை என்றால் குட்டையைப் போடு, 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று அடித்துப் பேசும் விடையை ஒதுக்கு, கேட்டலில் காதில் விழுந்த சொல் அப்படியே இருக்கும் விடையைத் தொடாதே என்று வகுப்பில் தந்திரம் தந்திரமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், லட்சக்கணக்கானவரோடு போட்டி போடுகிறாள், ஒரு மதிப்பெண்ணில் தரவரிசையில் எவ்வளவோ பேர் முந்திவிடுவார்கள். ஆனால் அந்த 45ஐ வாசிப்புத் திறன் என்று நம்பி அடுத்த முடிவை எடுக்காதீர்கள்.

ஏன் என்றால், இதே பிள்ளை வெளிநாட்டில் படிக்க ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறாள். அங்கே வாசிப்புக்கு 60 நிமிடம், மூன்று நீண்ட பகுதிகள், 40 கேள்விகள். பத்தியில் சொல்லியிருப்பது சரியா, தவறா, அல்லது பேச்சே இல்லையா என்று கேட்பார்கள், காலி இடத்தில் சொல்லைத் தானே எழுத வேண்டும். கேட்டலில் எல்லாமே ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும், எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் கிடையாது. குட்டை விடையைத் தேடும் தந்திரம் அங்கே செல்லாது. சொல்வளத்திலும் இதே இடைவெளி. உயர்நிலைப் பாடத்திட்டம் எதிர்பார்ப்பது சுமார் 3,000 சொற்கள். ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்கில், நாவலையோ நாளிதழையோ துணையில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000மும் தேவை. பள்ளித் தாள் பாடத்திட்டச் சொற்களை ஒட்டி எழுதப்படுவது, அதனால் அங்கே இந்தப் பள்ளம் தெரியாது. வெளியே வந்ததும் தெரியும்.

மதிப்பெண் என்கிற எண்ணைக் கடவுள் வாக்காக நம்புகிறவர்களுக்கு ஜெஜியாங் மாகாணத்தில் நடந்ததைச் சொல்வேன். 2018 நவம்பரில் நடந்த காவோகாவோ ஆங்கிலத் தாள் கடினமாக இருந்ததென்று வாசிப்பிலும் எழுத்திலும் சில கேள்விகளின் மதிப்பெண்ணைச் சரிக்கட்டி முடிவு வெளியிட்டார்கள். பெற்றோர் கொதித்தெழுந்தார்கள், விசாரணை வந்தது, சரிக்கட்டலை ரத்து செய்து பழைய மதிப்பெண்ணையே கொடுத்தார்கள். பிள்ளைகள் அதே பிள்ளைகள், விடைத்தாள் அதே விடைத்தாள், எண் மட்டும் இரண்டு முறை மாறியது.

ஆசிரியர்களுக்கு: கேட்டல் மதிப்பெண்ணை ஒரே எண்ணாகப் பதிவேட்டில் எழுதாதீர்கள். ஒரு முறை ஒலித்த பகுதியில் எத்தனை சரி, இரண்டு முறை ஒலித்த பகுதியில் எத்தனை சரி என்று பிரித்து எழுதுங்கள். பிள்ளை சரியாகப் போட்ட விடைக்கும் காரணம் கேளுங்கள், எந்த வரியை வைத்துச் சொன்னாய் என்று. வரியைக் காட்ட முடியாவிட்டால் அது விடையல்ல, அதிர்ஷ்டம். சொல் சொல்லிக்கொடுக்கும்போது எழுத்தோடு ஒலியையும் கொடுங்கள், தனிச் சொல்லாக இல்லாமல் வாக்கியத்துக்குள் வைத்து.

பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேறு பிள்ளையின் மொத்த மதிப்பெண்ணை உங்கள் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். இரண்டு பேர் 16.5 வாங்கியிருக்கலாம். ஒருத்திக்கு ஒலிப் பயிற்சி வேண்டும், ஒருவனுக்கு அடிப்படைச் சொற்களே வேண்டும். இருவரையும் ஒரே பயிற்சி வகுப்பில் சேர்த்தால் இரண்டு பேருடைய பணமும் போகும்.

மூன்றாம் ஆண்டு மாணவருக்குத் தேர்வு நெருங்கிவிட்டது என்றால் முழு மாதிரித் தாள் வாரத்துக்கு ஒன்று போதும், நேரக் கட்டுப்பாடு பழக அது தேவைதான். மற்ற நாட்களில் அந்த ஒரு தாளையே பிரித்துப் போடுங்கள்: தவறிய ஒலித்துண்டை எழுதிப் பார்ப்பது ஒரு நாள், எழுத்து வடிவத்தைப் பார்த்துக்கொண்டே ஒலிப்பதிவோடு சேர்ந்து வாய்விட்டுப் படிப்பது ஒரு நாள், கேள்விகளை மட்டும் 10 நொடிக்குள் படித்துப் பொருள் சொல்வது ஒரு நாள். அடுத்த தாளை அச்சிடுவதற்கு முன் இதையெல்லாம் முடித்துவிடுங்கள்.