நிற்பதா, கிளம்புவதா? ஆம்புலன்ஸின் பின்பக்கக் கணக்கு

108 வந்து நின்ற இரண்டாவது நிமிடமே கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழும்: "இன்னும் என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க, வண்டிய எடுங்க!" சில சமயம் அந்தக் குரல் சொல்வதுதான் சரி. சில சமயம் வண்டியை எடுத்தால் போகும் வழியிலேயே உயிர் போய்விடும். எது எப்போது என்று பிரித்தறிவதுதான் மருத்துவ உதவியாளரின் வேலையில் கடினமான பகுதி. ஊசியும் மருந்தும் அதற்குப் பிறகுதான், அதுவும் பெரும்பாலும் கட்டுப்பாட்டு மையத்து மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டுதான்.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய இந்தச் சேவையில் ஒரு வண்டிக்கு வழக்கமாக இரண்டே பேர். ஓட்டுபவரைப் 'பைலட்' என்பார்கள். பின்னால் இருப்பவர் மருத்துவ உதவியாளர். வண்டி நின்றிருக்கும்வரை நோயாளிக்கு நான்கு கைகள், கிளம்பிவிட்டால் இரண்டு.

இதயம் நின்றுபோனவருக்கு அந்த இரண்டு கைகள் போதாது. சிபிஆர் என்பது மார்பின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துவது. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே எழ வேண்டும். கையின் பாரத்தை அப்படியே வைத்திருந்தால் இதயத்தில் ரத்தம் திரும்ப நிரம்பாது. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். களைத்த கை ஆழமாக அழுத்தாது; அழுத்துபவருக்கே அது தெரியாது என்பதுதான் சிக்கல். அழுத்துவதை நிறுத்தினால் இதயத் தசைக்கு ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம் சட்டென்று விழும், மறுபடி ஏற பல அழுத்தங்கள் பிடிக்கும். வளைவில் சாயும் வண்டிக்குள் ஒற்றை ஆள் இதையெல்லாம் செய்து பார்க்கட்டும்! அதனால்தான் முதலில் அங்கேயே, கெட்டியான தரையில் கிடத்தி அழுத்துகிறார்கள். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியின் பட்டைகளில் ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாவில். நம் ஊர் வெயிலில் வியர்வையைத் துடைக்காமல் ஒட்டினால் பட்டை நழுவிவிடும்.

மூச்சு கொடுக்கும் ஆம்பு பையில்தான் தப்பு அதிகம் நடக்கிறது. பெரியவர்களுக்கான பையின் கொள்ளளவு சுமார் ஒன்றரை லிட்டர். தேவையோ 500, 600 மி.லி. மட்டுமே. ஒரு நொடி நேரம் மெதுவாக அமுக்கி, நெஞ்சு லேசாக எழுவதைப் பார்த்ததும் விட்டுவிட வேண்டும். பதற்றத்தில் முழுப் பையையும் பிழிந்தால் காற்று இரைப்பைக்குள் போய் வாந்தி வரும், அது நுரையீரலுக்குள் இறங்கும். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். மாஸ்க்கை முகத்தின்மேல் அழுத்துவதும் தவறு. தாடை எலும்பை மூன்று விரலால் தூக்கி முகத்தை மாஸ்க்குக்குக் கொண்டுவர வேண்டும். விரல் எலும்பை விட்டு மோவாய்க்கு அடியிலுள்ள மெத்தென்ற சதையில் பதிந்தால் நாக்கு மேலே தள்ளப்பட்டு வழி அடைபடும்.

விபத்தில் வயிற்றுக்குள் ரத்தம் கசிபவர் விஷயம் நேர் எதிர். அறுவை அரங்கைத் தவிர வேறெங்கும் அது நிற்காது. இங்கே கூட்டத்தின் குரல் சரி, உடனே கிளம்ப வேண்டும். டிரிப்ஸ் போட வேண்டுமென்றால் ஓடும் வண்டியில் போடலாம், அதுவும் அளவாக. சலைனைத் தாராளமாக ஏற்றினால் ரத்தம் நீர்த்து உறையும் தன்மை குறையும். ரத்த அழுத்தம் எகிறி, தானாக உறைந்திருந்த இடமும் பிய்த்துக்கொள்ளும். மணிக்கட்டில் நாடி தட்டுப்படும் அளவு இருந்தால் போதும். தலையிலும் அடி என்றால் மட்டும் அழுத்தத்தை இறங்க விடக்கூடாது. உடல் குளிர்ந்தாலும் ரத்தம் சரியாக உறையாது. சித்திரை வெயிலில் ஏசியை நிறுத்திவிட்டு நோயாளிக்குப் போர்வை போர்த்துவது அதனால்தான்.

நெஞ்சுவலியோடு நினைவாக இருப்பவரையும் தாமதிக்காமல் கொண்டுபோக வேண்டும். ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லையென்றால், மருத்துவர் சொற்படி 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்கள். முழுதாக விழுங்கினால் ரத்தத்தில் கலக்க நேரமாகும்.

கிளம்பும் முன் இன்னொரு கணக்கு உண்டு, ஆக்சிஜன். பி வகை சிலிண்டரின் நீர்க் கொள்ளளவு 10 லிட்டர்; மீட்டர் 150 பார் அழுத்தம் காட்டினால் உள்ளே சுமார் 1,500 லிட்டர் வாயு. ஆக்சிஜன் தேங்கும் பையோடு கூடிய மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வைத்தால் 100 நிமிடம் வரும். வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் பொள்ளாச்சி சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஆக, நிரம்பிய சிலிண்டரே பாதை முடியும் முன் தீர்ந்துவிடும். சிக்கனம் என்று 5 லிட்டருக்குக் குறைத்தால் மாஸ்க்கின் பை சுருங்கி நோயாளி திணறுவார். இரண்டாவது சிலிண்டரும், அதைத் திறக்கும் சாவியும், ரெகுலேட்டரின் வாஷரும் வண்டியில் இருக்கின்றனவா என்று ஷிப்ட் தொடங்கும்போதே பார்த்திருக்க வேண்டும்.

மருத்துவமனை வாசலில் ஒப்படைக்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. என்ன நடந்தது, எங்கே அடி, நாடியும் அழுத்தமும் எவ்வளவு, என்ன கொடுத்தோம் என்ற வரிசையில் சொல்ல வேண்டும். கையிலோ காலிலோ ரத்தத்தை நிறுத்த இறுக்குப் பட்டை கட்டியிருந்தால், கட்டிய மணி அந்தப் பட்டையின் மேலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். நேரம் ஆக ஆக அந்தக் கை காலின் தசை சாகத் தொடங்கும். அதை எப்போது அவிழ்ப்பது என்று முடிவெடுக்கும் மருத்துவர் முதலில் தேடுவது அந்த மணியைத்தான்.