செனோடாஃப்: உடல் இல்லாத கல்லறைக்குத் தமிழில் என்ன சொல்?

கிரேக்கத்தில் 'கெனோஸ்' என்றால் காலியானது, 'டாஃபோஸ்' என்றால் கல்லறை. இரண்டும் சேர்ந்த சொல் லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'செனோடாஃப்' ஆனது. உடல் வேறெங்கோ புதைந்திருக்கும், அல்லது கிடைக்காமலே போயிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு எழுப்பும் நினைவுக் கட்டுமானம்தான் இது. பாரசீகத்திலிருந்து ஊர் திரும்பிய கிரேக்கக் கூலிப்படை, கருங்கடல் கரையில் மடிந்த தோழர்களில் உடல் அகப்படாதவர்களுக்குப் பெரிய காலிக் கல்லறை ஒன்று அமைத்து மாலை சாத்தியதாக, அந்தப் படையிலேயே இருந்த செனஃபோன் எழுதியிருக்கிறார். கி.மு. 400 வாக்கில் நடந்தது அது.

இந்தச் சொல் பொதுமக்கள் வாய்க்கு வந்தது 1919இல்தான். முதல் உலகப் போர் முடிந்ததைக் கொண்டாடும் அணிவகுப்புக்காக லண்டனில் மரத்தாலும் சாந்தாலும் தற்காலிகமாக ஒரு தூண் எழுப்பினார்கள். வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். நம் புதுதில்லியைத் திட்டமிட்டவர்களில் ஒருவர். மக்கள் அதன் அடியில் பூக்களைக் குவித்ததைப் பார்த்து, 1920இல் அதையே கல்லில் கட்டினார்கள்.

சொல்லின் முழுக் கனம் தெரிய வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஊர்களைப் பார்க்க வேண்டும். அந்தப் போரில் இறந்த ஆஸ்திரேலியர்கள் 60,000க்கும் மேல். உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்பது அன்றைய ஏற்பாடு. துருக்கியின் கலிபோலி போர்முனையில் காயம்பட்டு இறந்த தளபதி பிரிட்ஜஸின் உடல் மட்டும் விதிவிலக்காக ஊர் வந்து சேர்ந்தது. மற்ற குடும்பங்களுக்குப் போய் நின்று அழக்கூட ஒரு மண்மேடு கிடையாது. அதனால்தான் சின்னச் சின்ன ஊர்களிலும் கடைத்தெரு முனையில் ஒரு தூணோ சிப்பாய் சிலையோ நிற்கிறது. கலிபோலியில் படை இறங்கிய நாளான ஏப்ரல் 25 அன்று விடியற்காலையில் ஊரே அங்கே கூடும்.

விக்டோரியா மாநிலத்தில் தங்கச் சுரங்கத்தால் வளர்ந்த பல்லாரட் இதை இன்னொரு விதமாகச் செய்தது. லூகாஸ் தையல் ஆலையில் வேலை செய்த பெண்கள் 1917 முதல் 1919 வரை, சாலையோரமாகச் சுமார் 22 கிலோமீட்டருக்கு மரம் நட்டார்கள். ஊரிலிருந்து படையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மரம், சேர்ந்த வரிசைப்படியே. மொத்தம் 3,800 அளவில். இறந்தவருக்கு மட்டுமல்ல, திரும்பி வந்தவருக்கும் மரம் உண்டு. கட்டாய ராணுவச் சேவைக்கான வாக்கெடுப்பு அந்த நாட்டில் இரண்டு முறை தோற்றது. அங்கிருந்து போரிடப் போனவர்கள் எல்லாருமே விரும்பிப் போனவர்கள். போனதே பெருமைதான் என்று ஊர் நினைத்திருக்கிறது. அதே பல்லாரட்டில் 1854 யுரேகா கிளர்ச்சியில் மாண்ட சுரங்கத் தொழிலாளர்களுக்கும் பழைய இடுகாட்டில் நினைவுத்தூண் உண்டு. ஆனால் அது செனோடாஃப் ஆகாது, அவர்கள் அங்கேயே அடக்கமானவர்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நினைவுச்சின்னம்' என்று எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம். எனக்கு அது போதவில்லை. மாமல்லபுரத்துக் கோயிலும் நினைவுச்சின்னம், சென்னைக் கடற்கரையோரப் போர் நினைவகமும் நினைவுச்சின்னம் என்றால், உடல் இல்லை என்ற செய்தி எங்கே போயிற்று? 'நினைவிடம்' இன்னும் பொருந்தாது. மெரினாவுக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே தலைவரை அடக்கம் செய்த இடம்தான் மனசுக்கு வருகிறது. 'மணிமண்டபம்' ஓரளவு பக்கத்தில் வருகிறது. சென்னையில் மறைந்த பாரதிக்கு எட்டயபுரத்தில் இருப்பது அப்படிப்பட்டதுதான். ஆனால் அது கட்டடம். பெயர்கள் வெட்டிய தூணை மண்டபம் என்று அழைக்க முடியாது.

நம்மிடம் 'நடுகல்' இருக்கிறது. 'பெயரும் பீடும் எழுதி' வழிதோறும் நட்ட கல்லை அகநானூறு காட்டுகிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை படிப்படியாகத் தொல்காப்பியம் முறை சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகல்லில், கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்த அந்தவன் என்பவனின் பெயர் இருக்கிறது. பெயர், ஊர், எந்தப் பூசலில் இறந்தான் என்ற செய்தி: ஆஸ்திரேலியத் தூண்களில் வெட்டியிருப்பதும் ஏறக்குறைய இவைதானே!

ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. புறநானூற்றில் பதுக்கையை ஒட்டியே கல் நட்ட காட்சியும் வருகிறது. பதுக்கை என்பது கற்குவியலால் மூடிய புதைகுழி. ஆக நடுகல்லின் கீழ் உடல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஊர்த் தூண்களைப் பற்றிப் பொதுவாக எழுதும்போது நடுகல் என்றே எழுதலாம், வாசகருக்கு உடனே புரியும். உடல் இல்லை என்பதே முக்கியமான இடத்தில் 'வெறுங்கல்லறை' என்பேன். அகராதிப் பாணியில் 'வெற்றுக் கல்லறை' என்றும் சொல்லலாம்தான். ஆனால் 'வெற்றுப் பேச்சு' போலப் பயனற்றது என்ற தொனி அதில் ஒட்டிக்கொள்கிறது. வெறுங்குடம், வெறுங்கை என்னும்போது உள்ளே ஒன்றுமில்லை என்பது மட்டும்தான் பொருள்.

சென்னைத் தேனாம்பேட்டையின் செனோடாஃப் சாலைக்கும் இந்தச் சொல்தான் பொருந்தும். அங்கே ஒரு காலத்தில் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸுக்கு எழுப்பிய நினைவுக் கட்டுமானம் இருந்தது. அவர் 1805இல் இறந்து அடக்கமானதோ கங்கைக்கரைக் காஜிப்பூரில்.