டார்பிடோ விசிறியை அதன் நடுத்துளையிலிருந்து படிப்பது

பழைய கடற்படைப் பொருட்களைச் சேகரிப்பவரின் கைக்கு நீரைத் தள்ளிக் கலத்தை முன்னே செலுத்தும் ஒரு வெண்கல விசிறி வந்து சேரும்போது, அவருடைய கண் முதலில் இதழ்களின் வளைவில்தான் நிற்கும். ஆனால் அது நீருக்குள் தானே ஓடிச் சென்று கப்பலைத் தாக்கும் வெடிகலமான டார்பிடோவினுடையதா, சிறு படகினுடையதா என்பதைச் சொல்வதில் இதழ்களைவிட நடுவிலுள்ள துளையே நம்பத்தக்க சாட்சி என்பது என் கருத்து. அந்தத் துளை ஏன் அப்படி இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, டார்பிடோ நீருக்குள் நேராக ஓடுவதற்குப் பட்ட பாட்டை அறிய வேண்டும்.

ஆங்கிலேயப் பொறியாளர் இராபர்ட் வைட்ஹெட் 1866இல் ஃபியூமே நகரில், அதாவது இன்றைய குரோவாசியாவின் ரியெக்காவில், அழுத்தப்பட்ட காற்றால் ஓடும் டார்பிடோவை உருவாக்கினார். தொடக்ககால டார்பிடோக்களுக்கு ஒற்றை விசிறிதான் இருந்தது. விசிறி நீரை ஒரு பக்கமாகச் சுழற்றினால், நீர் அதே அளவு முறுக்கத்தை எதிர்ப்பக்கமாக டார்பிடோவின் உடல்மீது திருப்பிச் செலுத்துகிறது. அகன்ற அடிப்பாகம் கொண்ட கப்பல் இதைத் தாங்கிக்கொள்ளும். உருளை வடிவான, மெலிந்த டார்பிடோவோ தன் அச்சிலேயே புரளத் தொடங்கும். கால் சுற்று புரண்டால் போதும், இடவலமாகத் திருப்ப வேண்டிய சுக்கான் மேலும் கீழும் திருப்புவதாக மாறிவிடும். ஆழத்தைக் காக்க வேண்டிய சுக்கான் திசையைக் குலைத்துவிடும். 1870களில் இதற்குக் கிடைத்த தீர்வு, ஒன்றன்பின் ஒன்றாக, எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு விசிறிகள். ஒன்றின் முறுக்கத்தை மற்றது ஈடுசெய்கிறது. அதோடு, முன்விசிறி வீணே சுழற்றிவிடும் நீரைப் பின்விசிறி நேராக்கி, அதிலிருந்தும் உந்துவிசை பெறுகிறது.

இரு விசிறிகளும் ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழல வேண்டுமானால், ஒரு தண்டு இன்னொன்றின் உள்ளே ஓடியாக வேண்டும். மூக்குக்கு நெருக்கமான முன்விசிறி, உள்ளீடற்ற வெளிக்குழாயில் பொருந்துகிறது. பின்விசிறி, அக்குழாயின் வழியே வரும் உட்தண்டின் முனையில் பொருந்துகிறது. ஆகவே முன்விசிறியின் துளை, அதன் குடத்தின், அதாவது இதழ்கள் பொருந்தியிருக்கும் நடுப்பகுதியின், அளவோடு ஒப்பிட்டால் வியப்பூட்டும் அளவுக்குப் பெரியதாகவும், குடத்தின் சுவர் மெல்லியதாகவும் இருக்கும். பின்விசிறியின் துளை சிறியது. ஒற்றைத் தண்டுள்ள படகின் விசிறியில் தடித்த குடமும், பெரும்பாலும் கூம்பாக ஒடுங்கும் சிறிய துளையும் காணப்படும். குடத்தின் வெளிப்புறத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்: டார்பிடோவின் வால் பின்னோக்கி ஒடுங்குவதால், முன்விசிறியின் குடமும் அந்த ஒடுக்கத்தைத் தொடர்வதாகவே கடைந்தெடுக்கப்பட்டிருக்கும். வெளிவிட்டமும் ஒரு வரம்புக்கு உட்பட்டது. ஏவுகுழாய்க்குள் நுழைய வேண்டிய பொருள் என்பதால், 533 மில்லிமீட்டர் டார்பிடோவின் விசிறி அந்த அளவுக்குள் அடங்கியாக வேண்டும்.

அடுத்து, சுழலும் திசை. விசிறியை மேசைமீது படுக்கவைத்து, நமக்கு நேரே உள்ள இதழைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், இதழின் வலது விளிம்பு உயர்ந்திருந்தால் அது வலப்புரி. இடது விளிம்பு உயர்ந்திருந்தால் இடப்புரி. விசிறியைக் கவிழ்த்து வைத்தாலும் இது மாறுவதில்லை, திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதன் புரி மாறாதது போல. ஒரே டார்பிடோவைச் சேர்ந்த இணை என்று சொல்லப்படும் இரண்டும் ஒரே புரியாக இருந்தால், அவை இணையல்ல.

இதழின் சாய்விலிருந்து டார்பிடோவின் வேகத்தைப் பற்றியும் ஓரளவு அறியலாம். எனக்கு இந்தக் கைவேலையில் மிகுந்த நிறைவு தரும் பகுதி இதுதான். விசிறி ஒரு முழுச்சுற்று சுற்றும்போது, வழுக்கல் இல்லையென்றால் எவ்வளவு தூரம் முன்னேறுமோ, அது புரியிடைத் தூரம். மேசையில் கிடக்கும் விசிறியின் மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவில், மையத்தில் 30 பாகைக் கோணத்தை அடைக்கும் இரு புள்ளிகளை ஓர் இதழின்மீது குறித்து, மேசையிலிருந்து அவற்றின் உயரங்களை அளக்க வேண்டும். உயர வேறுபாடு 9 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 பாகை என்பது முழுச்சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு. எனவே புரியிடைத் தூரம் 108 சென்டிமீட்டர். இந்த விசிறி 45 நாட் வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 23 மீட்டர் ஓட, நொடிக்கு 21 சுற்றுகளுக்கு மேல் சுழல வேண்டும். நீர் சற்று வழுக்குவதால் இன்னும் கூடுதலாகவே சுழல வேண்டும். பிரிட்டனின் எட்டாம் வகை டார்பிடோ ஏறத்தாழ இந்த வேகத்தில் ஓடியது. மின்கலத்தால் ஓடிய அமெரிக்காவின் பதினெட்டாம் வகை 29 நாட் அளவில்தான் சென்றது.

உலோகத்தைக் கண்டறிய ஆர்க்கிமிடீசின் வழியே போதுமானது. காற்றில் 4.2 கிலோ எடையுள்ள விசிறி, நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிடும்போது 3.7 கிலோ காட்டினால், அதன் அடர்த்தி நீரைப்போல் 8.4 மடங்கு, ஆகவே செம்புக் கலவை. எஃகுக்கு 7.8, அலுமினியத்துக்கு 2.7 என்ற அளவில் வரும். பொறிப்புகளையும் உருப்பெருக்கியால் தேட வேண்டும்: பிரிட்டன் அரசின் உடைமைக்கு அகன்ற அம்புக்குறி, இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானியக் கடற்படைக்குக் கழுகின் கீழ் 'எம்' எழுத்து. தொடர் எண் இருந்தால் அதை எழுதிவைப்பது முதல் வேலை.

இவ்விதிகளுக்கு அடங்காத டார்பிடோவும் உண்டு. அமெரிக்காவின் ஹோவெல் டார்பிடோ, புறப்படுமுன் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்றுகள் சுழற்றிவிடப்பட்ட கனத்த சக்கரத்தின் ஆற்றலால் ஓடியது. அதன் இரண்டு விசிறிகளும் பக்கம் பக்கமாக அமைந்தவை. ஏறத்தாழ ஐம்பது மட்டுமே செய்யப்பட்ட அந்த வகையில் ஒன்றைத்தான், 2013இல் சான் டியேகோ கடற்பகுதியில் அமெரிக்கக் கடற்படையின் பயிற்சி பெற்ற டால்பின்கள் கண்டுபிடித்தன.

கடலில் கிடந்த விசிறியில் செம்பு நிறத் திட்டுகள் தெரிந்தால், மெருகு ஏறியிருக்கிறது என்று மகிழக்கூடாது. துத்தநாகம் மிகுந்த கலவையிலிருந்து உப்புநீர் துத்தநாகத்தை உறிஞ்சிவிட, எஞ்சிய செம்பு கடற்பஞ்சு போல நொய்ந்து நிற்கும் நிலை அது. சற்றே தட்டினாலும் இதழின் ஓரம் உதிரும். அதனால்தான் தேய்ப்பு இயந்திரத்தை இவற்றின் அருகே கொண்டுவரவே கூடாது என்று வற்புறுத்துகிறேன். நலிந்த உலோகத்தோடு பொறிப்பும், கடைசல் கோடுகளும் சேர்ந்தே போய்விடும். மென்மையான தூரிகையும் நன்னீரும் போதும்.

தனியே கிடைத்த விசிறியில் வெடிமருந்து கிடையாது. ஆனால் டார்பிடோவின் உடலோடு அது பொருந்தியிருப்பதைக் கண்டால், அந்த உடல் எத்தனை ஆண்டு பழையதாக இருந்தாலும், கழற்ற முயலாமல் விலகி வந்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். மூழ்கிய போர்க்கப்பல்களிலிருந்து எடுத்தவற்றையும் வாங்கக்கூடாது. அவற்றில் பல, மாலுமிகளின் கல்லறைகள். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டமும், அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தகைய சிதைவுகளைக் காக்கின்றன. பயிற்சிக்காக ஏவப்பட்டு, ஓட்டம் முடிந்ததும் மிதக்கவிட்டு மீட்கப்பட்டு, பின்னர் பழைய இரும்பாகக் கழிக்கப்பட்ட டார்பிடோக்களின் விசிறிகளே நேர்மையான சேகரிப்புக்கு உரியவை.